மட்டைக்குப் பின்னால் உட்கார்ந்த மணல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தோட்டத்து அம்மன் கோயிலில் தீபாராதனை முடிந்து, நெற்றியில் பூசிய திருநீறு காய்வதற்குள் என் கைப்பேசி அடிக்கும். மகன்தான். ஓமானில் அவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இங்கே மலேசியாவில் நமக்கு மணி ஆறு என்றால் அவனுக்கு மத்தியானம் இரண்டு.

இந்த வெள்ளிக்கிழமையும் அடித்தது. எடுத்ததும் அவன் தன் முகத்தைக் காட்டவில்லை. ஒரு தகரக் கதவைக் காட்டினான். கதவு திறந்தது, மூடியது. மறுபடியும் திறந்தது.

"பாத்தீங்களாப்பா? ஒரு விரலாலதான் தள்ளுறேன்."

ஒரு தகரக் கதவு திறந்து மூடுவதைப் பார்த்து நானும் என் மனைவியும் கோயில் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்திருப்பார்கள். அன்றைக்கு என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரம் எனக்குத்தான் தெரியும். அந்தக் கதவை மண் மூடியது என் பேச்சால். திறந்துவிட்டது ஆத்தா. நடுவில் நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் கோலா பிலா போகும் பாதையில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், மண்டோராக இருந்தேன். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, கூடவே நின்று வேலை வாங்கும் உத்தியோகம். படித்தது ஆறாம் வகுப்பு வரை. ஓய்வு பெற்ற பிறகும் கோயிலைத் திறந்து விளக்கேற்ற ஆள் வேண்டும் என்பதால் தோட்டத்து வீட்டிலேயே இருக்கிறோம். மகன் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். அங்கே ஆட்களைக் குறைத்தபோது இவனுக்கும் வேலை போயிற்று. எட்டு மாதம் வீட்டில் இருந்தான். அந்த எட்டு மாதமும் அவன் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசவில்லை. பிறகு ஒரு சிநேகிதன் மூலம் ஓமானில் ஒரு பேரீச்சந்தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் வேலையைக் கண்காணிக்க எடுத்தார்கள். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். மருமகளையும் கைக்குழந்தையையும் ரெம்பாவில் அவள் தாய் வீட்டில் விட்டுவிட்டுப் போனான்.

போன புதிதில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மணல்மேடுகளைத்தான் காட்டுவான். ஒன்று அறுவடை அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். ஒன்று ரயில் பாதை மாதிரி கண்ணுக்கு எட்டிய தூரம் ஓடும். ஒரு நாள் தண்ணீர் லாரியில் தூரமாகப் போனபோது மலை உயரத்துக்கு ஒன்றைக் காட்டினான். அதன் உச்சியிலிருந்து நாலைந்து கைகள் நாலைந்து பக்கமும் இறங்கியிருந்தன, நட்சத்திர மீன் படுத்துக் கிடக்கிற மாதிரி.

"இந்த அரிவா மேடு நடக்கும்பா. வருசத்துக்கு இவ்வளவு தூரம்னு நகருமாம்."

"மண்ணு நடக்குமா? யாருகிட்டடா கதை அளக்குற?" என்றேன். ஆத்தா மலையையே நகர்த்துவாள் என்று நம்புகிறவன் நான். ஆனால் மண் தானாக நடக்கும் என்பதை நம்பவில்லை.

மூன்றாவது மாதம் அவன் ஒரு சங்கடத்தைச் சொன்னான்.

"காத்து அடிச்சா பம்பு வீட்டு வாசல்ல மணல் குமிஞ்சிருதுப்பா. தெனமும் மம்முட்டி எடுத்து வார்றோம்."

"அங்க மட்டை இருக்கா?"

"வெட்டிப் போட்ட பேரீச்ச மட்டை மலையா கெடக்கு."

"அப்பறம் என்னடா? நம்ம மேட்டுக் காட்டுல பம்பு வீட்ட நான் எப்படிக் காப்பாத்துனேன்? மண்ணு வர்ற பக்கம், செவுத்த ஒட்டி, மட்டைய குறுக்க அடுக்கு. ஆள் ஒசரத்துக்கு அடுக்கு. வந்த மண்ணு அங்கயே நின்னுரும்."

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும். வெட்டிய மட்டைகளைச் சரிவில் குறுக்காக அடுக்கினால், மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு வரும் மண் மட்டையின் மேல்பக்கத்திலேயே தங்கிவிடும். கீழே தண்ணீர் மட்டும் தெளிவாக இறங்கும். எங்கள் பம்பு வீடு மலையடியில் இருந்தது. அதை ஒட்டி நான் அடுக்கிய மட்டை இருபது வருசம் ஒரு பிடி மண்ணை உள்ளே விட்டதில்லை. மண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அவன் இரண்டே நாளில் அடுக்கிப் படம் அனுப்பினான். என்ன ஒழுங்கு! அடிமட்டை வெளிப்பக்கம், நுனி உள்பக்கம், நான் சொல்லிக் கொடுத்தபடியே. அந்தப் படத்தைக் கோயிலுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் காட்டினேன். அடுத்த வீட்டில் இருக்கும் பழைய லாரி டிரைவர், நாக்கில் நெருப்பை வைத்துக்கொண்டே பேசுகிறவர், படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன மண்டோரே, ஓமானுக்கும் நீங்கதான் மண்டோரா?"

"மண்ணு எங்க போனாலும் மண்ணுதான்லா அண்ணே," என்றேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் மகன் பம்பு வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. நான் கேட்டாலும், "நல்லா இருக்குப்பா," என்று சொல்லிவிட்டுக் குழந்தையைப் பற்றிப் பேசுவான். ஒரு சனிக்கிழமை காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"ஒங்ககிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லியிருக்கான். நா சொல்லாம இருந்தா சோறு எறங்க மாட்டேங்குது."

"என்னா?"

"பம்பு வீடு மூடிக்கிச்சாம். முன்னவிட மோசமாம். கதவே தொறக்கல. மோட்டார் சூடாகி அரை நாள் தண்ணி நின்னு, பேரீச்சங்கன்னு எல்லாம் தலை சாஞ்சிருச்சாம். மொதலாளி, இன்னொரு தடவ பம்பு நின்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னுட்டாராம்."

"மட்டை அடுக்கினானே?" என்றேன்.

"அத அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா, அவரு சொன்னபடி நான்தான் சரியா அடுக்கல போல அப்படிங்கறான்."

அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. படம் என் கையில் இருந்தது. அவன் அடுக்கியதில் ஒரு மட்டை கூடப் பிசகவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுபடி ஒரு எட்டு மாதம் அவன் தலையைக் குனிந்துகொண்டு இந்த வீட்டில் உட்காருவதை நினைத்தபோது எனக்குக் கீரை மணமே பிடிக்காமல் போய்விட்டது.

குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். கும்பாபிஷேகத்துக்காக அப்போது திருப்பணி நடந்துகொண்டிருந்தது. பூச்சு வேலைக்கு வந்த ஆற்று மணல் தகரக் கொட்டகையில் குவிந்திருந்தது. சலித்தது ஒரு பக்கம், சலிக்காதது ஒரு பக்கம். ஆத்தாளுக்கு முன்னால் நின்று, "நான் சொன்னது எங்கே தப்பு என்று மட்டும் காட்டிவிடு தாயே. பிள்ளைக்கு அந்த வேலை நிலைத்தால், இங்கே மிச்சம் இருக்கிற மணல் முழுவதையும் நானே என் கையால் சலித்துத் தருகிறேன்," என்று நேர்ந்துகொண்டேன்.

நேர்ந்துகொண்டு திரும்பும்போது வேள்வி நாட்களில் பக்தர்களுக்காக வைக்கும் பெரிய மின்சாரக் காத்தாடி கண்ணில் பட்டது. அதை உருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். சலித்த காய்ந்த மணலைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, காத்தாடியைப் போட்டேன். ஒன்றாம் எண்ணில் ஒன்றும் அசையவில்லை. இரண்டிலும் இல்லை. மூன்றில் வைத்ததும் மணல் குதிக்க ஆரம்பித்தது. பறக்கவில்லை, பொரி பொரிகிற மாதிரி குதித்துக் குதித்துப் போயிற்று. ஒரு துகள் விழுந்த இடத்தில் இன்னொன்று எழுந்தது. கொஞ்ச நேரத்தில் தரை முழுக்கச் சின்னச் சின்ன வரிகள்.

என்னைத் தேடி வந்த மனைவி கொட்டகை வாசலில் நின்றுவிட்டாள்.

"ஏங்க, சனங்களுக்கு வாங்கின காத்தாடி அது. மண்ணுக்கு வேர்க்குதா?"

"சும்மா இரும்மா. அந்த வெளக்குமாத்த எடு."

விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி, ஒரு விரல் உயரத்துக்கு ஒடித்து, காற்று வருகிற பக்கம் நெருக்கமாகக் குத்தினேன். அதுதான் மட்டை. அதை ஒட்டிப் பின்னால் கோயில் தீப்பெட்டியை வைத்தேன். அது பம்பு வீடு. இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம்.

மழைத் தண்ணீராக இருந்தால் மண் ஈர்க்குக்கு முன்னால் நின்றிருக்கும். இங்கே முன்னால் கொஞ்சம்தான் நின்றது. மீதியெல்லாம் ஈர்க்குச் சந்துகளில் நுழைந்து வந்தது. அங்கே காற்றுக்கு வேகம் போய்விடுகிறது. வேகம் போன காற்றால் மணலைச் சுமக்க முடியவில்லை. தூக்கி வந்ததை ஈர்க்குக்குப் பின்னாலேயே இறக்கி வைத்துவிட்டது. கால் மணி நேரத்தில் தீப்பெட்டி பாதி மறைந்தது.

"அய்யோ, பம்பு வீடு!" என்றாள் மனைவி.

நான் பிள்ளையிடம் அடுக்கச் சொன்னது அடைப்பு இல்லை. போகிற மணலை எல்லாம் கூப்பிட்டு, உட்கார இடம் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவும் கதவை ஒட்டி. மண் எங்கே போனாலும் மண்தான், சரி. அதைத் தூக்கி வருகிறவன் வேறு என்பதை நான் யோசிக்கவில்லை. தண்ணீர் கீழ்நோக்கி மட்டும் போகும். காற்று ஏறியும் போகும்.

தீப்பெட்டியை எடுத்துத் தட்டிவிட்டு, பின்னால் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தோம். ஈர்க்கு ஒரு விரல் உயரம் என்றால் அதன் பின்னால் மணல் வால் மாதிரி பத்துப் பன்னிரண்டு விரல் தூரம் நீண்டது. அதற்கும் அப்பால் வைத்தால் தீப்பெட்டி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "அப்ப ஆள் ஒசர மட்டைக்குப் பன்னெண்டு ஆள் தூரம் வால் வரும். பயமில்லாம இருக்க அவன் இருபது ஆள் தூரம் தள்ளி வைக்கணும்," என்றேன். மனைவி என் கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

குரல் பதிவாகப் பேசி அனுப்பினேன். சனிக்கிழமை பதில் இல்லை. ஞாயிறு இல்லை. திங்கள் இல்லை. அங்கே பெருங்காற்று என்று மருமகளுக்கு மட்டும் ஒரு வரி வந்திருந்தது. பம்பு நின்றுவிட்டதோ, பெட்டியைக் கட்டுகிறானோ என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல நானும் மனைவியும் கோயில் முற்றத்தைக் கூட்டினோம். நான் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். இருவரும் முன்னால் நடந்துகொண்டே நடுவை நோக்கித் தள்ளுவோம். பாதி முற்றம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். நடுவில் சருகு நீளமாக ஒரே கோடாகக் கிடந்தது. நாங்கள் நடக்க நடக்க அதுவும் நீண்டுகொண்டே வந்தது. மகன் காட்டிய ரயில் பாதை மேடு! இரண்டு பக்கமிருந்து மாறி மாறிக் காற்று தள்ளினால் மணல் அப்படித்தான் நீளும்.

"ஏம்மா, நாலு பேரு நாலு பக்கமும் நின்னு கூட்டினா?"

"நடுவுல குப்பை மேடாவும். வேற எங்க போவும்?"

அதேதான். எல்லாப் பக்கமும் காற்று அடிக்கிற இடத்தில் மணலுக்குப் போக்கிடம் இல்லை. அது நடக்காது, இருந்த இடத்திலேயே உயரும். அந்த நட்சத்திர மீன் மலை அப்படி வந்ததுதான் போலிருக்கிறது. மகன் இருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் காற்று அடித்தால்? ஒரு பக்கம் மட்டை வைத்து என்ன பயன்?

புதன்கிழமை நாலு மணிக்கு அவனே அழைத்தான். அங்கே சாப்பாட்டு நேரம். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது.

"நீங்க பேசினதக் கேட்டேன்பா. மூணு நாளா மண்ணு வார்றதுதான் வேலை. பம்பு நிக்கல. நாங்க நிக்க விடல."

"டேய், அந்தத் தப்பு ஒன்னுது இல்ல. என்னுது."

அவன் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தான். நான் கேட்டேன்: "காத்து எந்தப் பக்கம் வருது?"

"ஒவ்வொரு நாளு ஒவ்வொரு பக்கம் மாதிரி இருக்கு. அதான் பயமா இருக்கு."

"பம்பு வீட்டுக்குப் பக்கத்துல மேடு எப்படி இருக்கு? கோடா, அரிவாளா? போய்க் காட்டு."

வெயிலில் நடந்து போய்க் காட்டினான். அரிவாள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து வளைந்திருந்தன. கூடவே வந்த தண்ணீர் லாரி டிரைவர், அந்த மணலிலேயே பிறந்து வளர்ந்தவர், சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்னா சொல்றாரு?"

"தரையில மணல் கொஞ்சமா இருந்து, காத்து ஒரே பக்கமிருந்து வந்தாத்தான் இந்த மேடு வருமாம். மணல் நெறைய இருந்தா ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கிட்டு அலை மாதிரி வரிசையாயிருமாம். ஒரு நாள் காத்தப் பாத்து ஏமாறாத, மேட்டப் பாருங்கறாரு. சாய்வா இருக்கற முதுகுப் பக்கம் காத்து ஏறுது. செங்குத்தா இருக்கற பக்கம் மண்ணு சரியுது. ரெண்டு கொம்பும் காத்து போற பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கும்."

"கொம்பு ஏன் முன்னால போவுது?"

டிரைவரிடம் கேட்டுச் சொன்னான்: "ஓரத்துல மண்ணு கம்மி, சீக்கிரம் நகருது. நடுவுல கனம், பின்தங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருசம் நான் பார்த்த காட்சி அது. புல்வெட்டுக்கு ஆட்களை ஒரே வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு நிரை கொடுப்பேன். நடுவில் லாலாங் எனும் நெட்டைப் புல் அடர்ந்திருந்தால் நடு நிரைக்காரர்கள் திணறுவார்கள். ஓரத்தில் புல் குறைவு. ஓரத்து நிரைக்காரர்கள் வெட்டிக்கொண்டு முன்னால் போய்விடுவார்கள். மேட்டில் நின்று பார்த்தால் வரிசை அரிவாளாக வளைந்திருக்கும். கத்திக் கத்தி நேராக்குவேன். மணலுக்குக் கத்த ஆள் இல்லை. காற்று முதுகில் ஏற்றிய மணல் உச்சியில் நின்று, அந்தப் பக்கம் சரிந்து, சரிந்ததை அடுத்த மணல் மூடி, மேடு முழுவதும் ஒரு அடி முன்னால் வந்துவிடுகிறது. மண் நடக்கத்தான் செய்கிறது.

"அப்ப ஒரு பக்கம் மட்டை போதும்டா. முதுகுப் பக்கம். இருபது ஆள் தள்ளி."

அவன் யோசித்தான். "செவுத்த ஒட்டி இருக்கறதப் பிரிச்சு எடுக்கணும்பா. அதுக்கே ரெண்டு நாளாவும். இந்தத் தடவையும் தப்பாப் போச்சுன்னா அவ்வளவுதான்."

"போன தடவ அதிகாரமா சொன்னேன். இந்தத் தடவ அப்படிச் சொல்லல. அந்த டிரைவரக் கேளு. அவரு வேணாம்னா வேணாம்."

கேட்டான். டிரைவர் கைப்பேசிக்குள் முகத்தை நீட்டி என்னைப் பார்த்தார். பல் தெரியச் சிரித்துக் கட்டைவிரலைக் காட்டினார்.

"முன்னாடி அடுக்குனப்பவே இது தப்புன்னு நெனச்சாராம். நான் கேக்கலியாம், அதனால சொல்லலியாம்," என்றான் மகன். "நான் ஒங்களத்தானே கேட்டேன். வாழ்க்கையில மொத தடவயா ஒங்க பேச்ச முழுசாக் கேட்டேன். மாட்டிக்கிட்டேன்."

மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் சிரித்தான்.

வியாழக்கிழமை பழைய மட்டையைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்குக் காற்று அடங்கியிருந்தது. எனக்கு அது ஆத்தா பிடித்து வைத்த காற்று. அடுத்த வாரம் புதிய இடத்தில் அடுக்கினார்கள். ஒரு நாள் பெருங்காற்று வீசியது. பிறகு வந்ததுதான் இந்த வெள்ளிக்கிழமை. அந்தத் தகரக் கதவு.

கதவைக் காட்டிய பிறகு மட்டையையும் காட்டினான். தூரத்தில், அதன் பின்னால், மணல் சாய்வாக ஒரு மேடாக உட்கார்ந்திருந்தது. நல்ல பிள்ளை மாதிரி. அதற்கும் பம்பு வீட்டுக்கும் நடுவில் வெறும் தரை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, கன்றுகள் வரிசைக்கும் அதே மாதிரி அடைப்பு வைக்கச் சொன்னாராம். நிரந்தரக் கடிதம் அடுத்த மாதம் தருகிறேன் என்றாராம்.

"மட்டை முழுக்க மூடிட்டா அது மேலயே இன்னொண்ணு அடுக்கலாமாப்பா?"

"எனக்குத் தெரியாதுடா. அவரக் கேளு," என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை.

மறுநாள் காலை சல்லடையை எடுத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்தேன். அடுத்த வீட்டு லாரி டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன மண்டோரே, ஓமான் வேலை என்னாச்சு?"

"அங்க வேற மண்டோர் இருக்காருண்ணே. நான் இங்க கூலி."

சலித்த மணல் குவியலில் ஒரு பிடி போட்டால் உச்சியில் நிற்கிறது. இன்னொரு பிடி போட்டால் சரிந்து அதே சாய்வில் வந்து படுத்துக்கொள்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ததில் முதுகு வலி தெரியவில்லை. மத்தியானம் மனைவி மோர் கொண்டு வந்தாள். நான் வேர்த்து நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, காத்தாடியை உருட்டி வந்து என் பக்கம் திருப்பி மூன்றில் வைத்தாள்.

"இப்ப ஒங்களுக்குத்தான் வேர்க்குது."

காற்று சுகமாகத்தான் இருந்தது. ஆனால் சலித்த மணல் ஒவ்வொன்றாகக் குதிக்கத் தொடங்கி, சலிக்காத குவியலைப் பார்த்து நடந்தது. நான் மோரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"காத்தாடிய நிறுத்தாதம்மா. நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் தள்ளி வை."